பீரோவில் இருக்கும் பென்டிரைவ்

2015 டிசம்பர் முதல் வாரத்தை முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. பிரிட்ஜ் போனதைவிடக் கல்யாண ஆல்பம் போனதற்குத்தான் பலர் அழுதார்கள்.

இப்போது எல்லாம் மெமரி கார்டில். நம் வயதுக்காரர்கள் ஒரு பென்டிரைவை நகைப் பெட்டியோடு பீரோவில் பூட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது பாதுகாப்பே இல்லை என்பது என் கட்சி. தண்ணீரோ திருடனோ வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்குதான் சரி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில். மதுரை மச்சினர் வீட்டு அலமாரி போதும். (பெருங்களத்தூர் வெளியூர் ஆகாது!)

போட்டோக்காரரிடம் காலத்துக்கும் இருக்கும் என்று நம்பாதீர்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அவர் அந்தக் கார்டை அழித்துத்தானே ஆகவேண்டும்? ஆல்பம் வந்த கையோடு எல்லாப் படங்களையும் ஹார்ட் டிஸ்கில் கேட்டு வாங்குங்கள்.

கார்டு நனைந்தால் பதற வேண்டாம், அதில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. நன்றாகக் காய்ந்த பிறகே செருகுங்கள். பழைய ஸ்டூடியோ படங்கள் ஒட்டிக்கொண்டால் நேர்மாறு: காயவிடாமல், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெல்லப் பிரிக்க வேண்டும்.