கணனிப் பக்கம்: உறங்கப்போன இயந்திரம் எழும்ப மறுத்தால்



2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுத்திக்கொண்டதன் பின்னர், எமது வீடுகளில் கணனி மாற்றும் வேலை மும்முரமாகிவிட்டது. சிலர் புதிது வாங்கினார்கள். சிலர் பாவித்ததைத் திருத்தி எடுத்தார்கள். அண்மையில் வந்து குடியேறிய குடும்பங்களுக்கு உறவினர் வீட்டிலிருந்து கைமாறி வந்தவையும் உண்டு. இந்த மாற்றத்தோடு ஒரே கேள்வி எமக்குப் பல தடவை வந்துவிட்டது: "உள்ளுக்குள்ள இருந்த மற்றக் கொம்பியூட்டர் எழும்புதில்லை, என்ன செய்யிறது?"

உள்ளே இருக்கும் கணனி என்றால் என்னவென்று அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு கணனிக்குள், அதன் நினைவகத்திலும் வன்தட்டிலும் ஒரு பங்கை எடுத்து, இன்னொரு கணனி இருப்பதுபோல இயக்கலாம். இதனை மெய்நிகர் இயந்திரம் என்பர். வீடுகளில் இதற்கு அதிகம் பயன்படுவது வேர்ச்சுவல் பொக்ஸ் என்ற இலவச மென்பொருள். ஜேர்மனியின் இன்னோரெக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட இது, 2008இல் சன் நிறுவனத்திடமும் 2010இல் ஒரக்கிள் நிறுவனத்திடமும் போய்ச் சேர்ந்தது. கல்லூரியில் கணனி படிக்கும் பிள்ளைகளுக்கு இது பாடத்தின் பகுதி. பெரியவர்களுக்கோ வேறு தேவை. எமது ஊர்ச் சங்கங்களின் மலர்களும் கல்வெட்டுகளும் ஆண்டுக்கணக்காகப் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்தில் அமைக்கப்பட்டவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த ஏழாவது. அதை இன்றைய விண்டோசில் ஓட்ட முயன்று களைத்தவர்கள், விண்டோஸ் எக்ஸ்.பி.யை மெய்நிகர் இயந்திரமாக வைத்து அதற்குள் ஓட்டுகிறார்கள். (எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. ஆகவே அந்த உள் இயந்திரத்தை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருப்பதே புத்தி.)

அப்படி ஒரு தம்பி எம்முடன் தொலைபேசியில் கதைத்தார். அவரது பெரியம்மா ஊரில் காலமாகி மூன்று கிழமை. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சாக வேண்டும். வம்சாவளிப் பக்கத்துக்கான பெயர்களைப் பெரியம்மாவின் தமையனார் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, இரண்டு மாலை இருந்து ரைப் பண்ணியிருக்கிறார். நான்கு தலைமுறைப் பெயர்கள். ஒவ்வொரு இரவும் மெய்நிகர் இயந்திரத்தின் சாளரத்தை மூடும்போது, அது கேட்கும் மூன்று தெரிவுகளில் முதலாவதான "இயந்திரத்தின் நிலையைச் சேமி" என்பதையே அழுத்துவார். மறுநாள் திறந்தால் விட்ட இடத்திலேயே பக்கம் நிற்கும். பேஜ்மேக்கருக்குள் கோப்பைத் தனியாகச் சேமிக்கும் பழக்கம் அதனால் நின்றுபோயிற்று. அந்த வாரம் புதிய கணனி வந்தது. கோப்புறையை அப்படியே வெளி வன்தட்டில் ஏற்றிப் புதியதில் இறக்கினார். சேமித்த நிலை திரும்பவில்லை, பிழைச் செய்திதான் வந்தது.

"அண்ணை, சேமிச்ச நிலையை 'டிஸ்காட்' பண்ணெண்டு ஒரு பட்டன் காட்டுது. அமத்தட்டோ?"

"தம்பி, முதல்ல கையை எடுங்கோ" என்றோம்.

அந்தப் பொத்தான் கெட்டதல்ல, ஆனால் அது கடைசியில் அழுத்த வேண்டியது. காரணத்தைச் சற்று விரித்துச் சொல்வோம்.

மெய்நிகர் இயந்திரம் ஒன்றில் இரண்டு பொருட்கள் உள்ளன. ஒன்று அதன் வன்தட்டு. இது வி.டி.ஐ. என்று முடியும் பெரிய கோப்பு. சேமித்த கடிதமும் படமும் எழுத்துருவும் இதில் இருக்கும். மற்றையது அந்த நேரத்தில் அதன் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்தது எல்லாம்: திறந்திருந்த பக்கம், சேமிக்காத வரிகள், சுட்டி நின்ற இடம். "நிலையைச் சேமி" என்றதும் இந்த இரண்டாவது பொருள் எஸ்.ஏ.வி. என்று முடியும் ஒரு கோப்பாக எழுதப்படுகிறது. இயந்திரத்தின் கோப்புறைக்குள் 'ஸ்னப்ஷொட்ஸ்' என்ற உட்கோப்புறையில் அதைக் காணலாம். "டிஸ்காட்" பண்ணினால் அழிவது இது மட்டுமே. வன்தட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஓடிக்கொண்டிருந்த கணனியின் மின்வயரைப் பிடுங்கியதற்கு ஒப்பானது அது. ஆனால் அந்தத் தம்பியின் நான்கு தலைமுறையும் இருந்தது அழியப்போகும் அந்தக் கோப்பில்தான்.

சரி, ஏன் எழும்பவில்லை? பெரும்பாலும் காரணம் புரொசெஸர். எக்ஸ்.பி. ஆனாலும் லினக்ஸ் ஆனாலும், தொடங்கும் நேரத்தில் புரொசெஸரிடம் "உனக்கு என்னென்ன செய்யத் தெரியும்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும். பிறகு நிறுத்தித் தொடங்கும்வரை மறுபடி கேட்பதில்லை. நித்திரையால் எழுந்தவர் வழமைபோல இடப்பக்கச் சுவரில் லைற்றைத் தேட, வீடே மாறியிருந்தால் எப்படி? அந்த நிலைதான். வேர்ச்சுவல் பொக்ஸ் இதை முன்கூட்டியே கண்டு மறுத்துவிடுகிறது. பிழைச் செய்தியில் சி.பி.யு.ஐ.டி. என்ற எழுத்துக்கள் இருந்தால் விடயம் இதுதான். இன்ரெல்லில் உறங்கியதை ஏ.எம்.டி.யில் எழுப்புவது நடவாத காரியம். ஒரே நிறுவனத்தின் பழைய சில்லுக்கும் புதிய சில்லுக்கும் இடையிலும் மறுக்கலாம். 2020 முதல் வந்த அப்பிளின் எம் வரிசைச் சில்லுகளில் அந்த நினைவைக் கொண்டுபோய் வைப்பதில் அர்த்தமே இல்லை, அவற்றின் மொழியே வேறு.

ஆகவே நாம் தம்பியிடம் கேட்ட முதற் கேள்வி: "பழைய கணனி எங்கே?" நல்ல காலம், அது இன்னும் வீட்டு ஓடையில் பெட்டியோடு நின்றது. புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பதற்காகச் சனிக்கிழமை துடைத்து வெறுமையாக்க இருந்தாராம். அதைத் திரும்ப மேசையில் ஏற்றி இயந்திரத்தைத் தொடங்கச் சொன்னோம். விட்ட இடத்திலேயே வம்சாவளிப் பக்கம் எழுந்தது. பேஜ்மேக்கரில் கோப்பைச் சேமித்து, எக்ஸ்.பி.யை அதன் 'ஸ்ராட்' பட்டன் வழியாக முறையாக நிறுத்தி, அதன் பிறகு கோப்புறையைப் பிரதி எடுத்தார். புதிய கணனியில் மறுபேச்சில்லாமல் தொடங்கியது.

பழைய கணனி கைவிட்டுப் போனவர்கள் என்ன செய்வது? எதையும் தொட முன்னர், முழுக் கோப்புறையையும் இன்னொரு வன்தட்டில் பிரதி எடுத்து வைக்கவும். வி.டி.ஐ.யும் எஸ்.ஏ.வி.யும் ஒன்றாக, பிரியாமல். பிறகு எளிய காரணங்களை முதலில் பாருங்கள். உள் இயந்திரத்தின் சீ.டி. படிமமோ வன்தட்டுக் கோப்போ வெளி வன்தட்டில் இருந்து, அது செருகப்படாமலோ அதன் எழுத்து ஈ-யிலிருந்து எஃப்-ஆகவோ மாறியிருந்தால், தொடக்கம் அங்கேயே நின்றுவிடும். பழைய எழுத்தைக் கொடுத்தாற் போதும். வேர்ச்சுவல் பொக்ஸின் பதிப்பையும் பாருங்கள். புதிய பதிப்பில் உறங்கியதைப் பழைய பதிப்பில் எழுப்ப முடியாது. அதே பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ நிறுவிப் பாருங்கள். கணனி மாறாமலே பிழை வந்தால், விண்டோஸ் தனது ஹைப்பர்-வி வசதியை இடையில் இயக்கிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். வேறு ஒரு இயந்திரத்தைத் தொடங்கும்போது சாளரத்தின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால் அதுதான் அடையாளம். ஹைப்பர்-வியை நிறுத்தியபின் சில வேளை பழைய நிலை திரும்பி விடும். எதுவும் பிடிபடாவிட்டால் இயந்திரத்தின் கோப்புறையில் 'லொக்ஸ்' என்ற உட்கோப்புறையைத் திறவுங்கள். அங்குள்ள குறிப்புக் கோப்பின் கடைசிப் பகுதி காரணத்தைச் சொல்லும்.

சேமித்துக்கொண்டிருக்கும்போதே மடிக்கணனியை மூடி, எஸ்.ஏ.வி. கோப்பு அரைகுறையாகப் போயிருந்தால் அதற்கு வைத்தியம் இல்லை. அப்போது "டிஸ்காட்" செய்யலாம். விண்டோஸ் தொடங்கும்போது வன்தட்டைச் சோதிக்கக் கேட்டால் விடுங்கள், அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். பிறகு வேர்ட்டைத் திறந்து பாருங்கள். அது வழமையாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எழுதிவைக்கும். பேஜ்மேக்கரும் பக்கம் மாறும்போது தானாகச் சிறு சேமிப்பொன்று செய்வதுண்டு. ஆகவே பெயர் கொடுத்துச் சேமித்த கோப்பைத் திறந்தால், நினைத்ததைவிட அதிகம் கிடைக்கலாம். எக்ஸ்.பி.யின் நோட்பாட்டில் சேமிக்காமல் எழுதியது போனது போனதுதான்.

இங்கே ஒரு பொல்லாத பொறி இருக்கிறது. "டிஸ்காட்" செய்து, இயந்திரத்தைத் தொடங்கி, இரண்டு நாள் வேலையும் செய்தபின், பிரதி எடுத்துவைத்த பழைய எஸ்.ஏ.வி. கோப்பைத் திரும்பக் கொண்டுவந்து வைத்து எழுப்பிப் பார்க்கும் எண்ணம் சிலருக்கு வரும். வேண்டாம். அந்தப் பழைய நினைவு, வன்தட்டில் எது எங்கே இருக்கிறது என்பதை இரண்டு நாளுக்கு முந்திய கணக்கின்படி வைத்திருக்கிறது. தட்டோ அதற்குள் மாறிவிட்டது. பழைய கணக்கை நம்பிப் புதிய தட்டில் எழுதத் தொடங்கினால், அதுவரை பத்திரமாக இருந்த கோப்புகளும் சிதையும். சேமித்த நிலையை இழப்பதைவிட இது பெரிய இழப்பு. பரீட்சித்தே ஆகவேண்டுமென்றால், ஒன்றாக எடுத்த பிரதியின் இன்னொரு பிரதியில் பரீட்சியுங்கள்.

வி.எம்.வேர் பாவிப்பவர்களுக்கும் இதே கதைதான். அங்கே நிலைக் கோப்பு வி.எம்.எஸ்.எஸ். என்று முடியும். எழும்பாவிட்டால் வைத்திருப்பதா விட்டுவிடுவதா என்று அதுவே கேட்கும். ஹைப்பர்-வியில் இயந்திரத்தின் பெயரில் வலது பக்கம் அழுத்தினால் சேமித்த நிலையை நீக்கும் தெரிவு வரும்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு: ஆய்வுகூடக் கணனியில் நிலையைச் சேமித்து வெளி வன்தட்டில் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அங்கும் இங்கும் ஒரே புரொசெஸர் இருக்குமென்ற உத்தரவாதம் இல்லை. முழுமையாக நிறுத்தி, 'எக்ஸ்போட்' வழியாக ஓ.வி.ஏ. கோப்பாக எடுத்து வாருங்கள். வேர்ச்சுவல் பொக்ஸையோ விண்டோசையோ புதுப்பிக்க முன்னரும், புரொசெஸரையோ கணனியையோ மாற்ற முன்னரும் இதே நிறுத்தல் வேண்டும். ஓடும்போது எடுத்த ஸ்னப்ஷொட்டுக்குள்ளும் நினைவகத்தின் பிரதி உண்டு என்பதால் அதுவும் புதிய கணனியில் இதே பிழையைத் தரலாம்.

அடுத்த இதழில், பேஜ்மேக்கரில் கிடக்கும் பாமினி எழுத்தை யூனிக்கோட்டுக்கு மாற்றும் முறையைப் பார்ப்போம். கேள்வி அனுப்புபவர்கள் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாமல், திரையில் வந்த பிழைச் செய்தியைப் படமெடுத்து இணைத்து அனுப்பினால் எமக்குப் பேருதவியாக இருக்கும்.