ஆலைகள் கற்றுத்தர வேண்டும்

தொழிற்பயிற்சி நிலையமான ஐடிஐ-யில் ஃபிட்டர் படித்துச் சான்றிதழ் வாங்கும் மாணவர், ஓடுகிற ரிங் ஃபிரேம் நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு நாள்கூட நிற்காமல் படிப்பை முடித்துவிட முடியுமென்றால், அதுவும் நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையத்தின் பக்கத்திலேயே முடியுமென்றால், குறை அந்த மாணவரிடம் இல்லை. அவருக்குப் பாடம் நடத்தும் நிறுவனமும் அவருடைய உழைப்பை நாளை எதிர்பார்க்கும் ஆலையும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்காததுதான் குறை.

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை ஒட்டிய வ. புதுப்பட்டி போன்ற ஊர்களில் இதன் விளைவு கண்கூடு. வயலையும் தோப்பையும் நம்பியிருந்த வீடுகள் பிள்ளைகளைத் தொழில் படிக்க அனுப்பத் தொடங்கிவிட்டன. அப்படிப் படித்து முடித்தவர்களோ வேலை தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார்கள். ராஜபாளையத்து ஆலைகளில் வட மாநிலத் தொழிலாளர்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் மேல் நமக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. பிழைக்க வருபவர்களை மதிப்பதே முறை. ஆனால், 'ஆள் கிடைக்கவில்லை' என்று சொல்லும் முதலாளிகளை ஒன்று கேட்கத்தான் வேண்டும். உள்ளூரில் ஆளை உருவாக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?

ஆலைக்காரர்கள் தொழிற்கல்விக்குக் கைகொடுப்பது ராஜபாளையத்துக்குப் புதிய வழக்கம் அல்ல. 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் பெயரில் 1960-களிலேயே இங்கே பாலிடெக்னிக் வந்துவிட்டது. தொழில் வளர வேண்டுமானால் தொழில் தெரிந்தவர்கள் வேண்டும் என்று அந்தத் தலைமுறை புரிந்துகொண்டிருந்தது. இன்றைக்கோ, பல ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் தொழிற்கல்வியோடு இருக்கும் உறவு, ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்திப் பரிசு கொடுப்பதோடு முடிந்துபோகிறது.

கைகோக்க வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். 200 பேர் வேலை செய்யும் ஆலை என்றால் குறைந்தது 5 பேர், அதிகம் போனால் 30 பேர். 2019-ல் திருத்திய விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையைப் படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை நிர்ணயித்தன. உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2016-ல் வந்தது. படிக்கும்போதே செய்முறைப் பயிற்சியைத் தொழிற்சாலையில் நடத்திக்கொள்ள ஐடிஐ-யும் நிறுவனமும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் வழியும் அதே ஆண்டு முதல் இருக்கிறது.

மாநில அரசும் தன் பங்குக்குச் செய்திருக்கிறது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தும் பணி நடந்திருக்கிறது. ரோபோவும் சிஎன்சி இயந்திரமும் பயிற்சிக்கூடத்துக்கு வந்துவிட்டன. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஐடிஐ படிப்பவர்களும் இதில் அடக்கம். ஆனால் எத்தனை கோடி கொட்டினாலும் பயிற்சிக்கூடத்தில் சொல்லித்தர முடியாதவை சில உண்டு. இரவு ஷிப்டில் இழை அறுந்துகொண்டே இருந்தால் கோளாறு பஞ்சிலா, ஈரப்பதத்திலா, இயந்திரத்திலா என்று கண்டுபிடிப்பதை, இருபது வருடம் அந்த வேலை பார்த்த மேஸ்திரியின் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

ஆலைக்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: 'பழக்கிவிட்டால் அடுத்த மாதமே நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவனிடம் போய்விடுகிறான்.' இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஒருவர் மட்டும் பயிற்சி கொடுத்து, மற்றவர்கள் எல்லாம் அறுவடை செய்தால் அவருக்கு நட்டம்தான். அதனால்தான் இது தனி ஆலையின் தயவாக இல்லாமல் ஊரின் பொது ஏற்பாடாக வேண்டும் என்கிறோம். ஜெர்மனியில் ஒரு பழகுநர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் மீதி நாள் நிறுவனத்திலும் கற்கிறார். பயிற்சியை மேற்பார்வையிடுவதிலும் தேர்வு நடத்துவதிலும் தொழில் வர்த்தகச் சபைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. எல்லோரும் பயிற்சி கொடுக்கிற இடத்தில், போகிறவர் இருப்பதைப் போலவே வருகிறவரும் இருப்பார். நம் பகுதியில் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் உற்பத்தியாளர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா தயாரிப்பாளர்கள், வொர்க்ஷாப் வைத்திருப்பவர்கள் ஆகியோரில் பலர் சட்டம் கட்டாயப்படுத்தாத சிறு நிறுவனத்தார். நாலு பேர் வேலை செய்யும் இடமும் விரும்பினால் பழகுநரைச் சேர்க்கலாம். இவர்கள் தங்கள் சங்கங்கள் வழியாகச் சேர்ந்து செய்தால் சுமை பகிர்ந்துகொள்ளப்படும்.

இதில் நாம் விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை ஒன்று உண்டு. 'பயிற்சி' என்ற பெயரில் தமிழகத்து நூற்பாலைகளில் என்ன நடந்தது என்பதை மறக்க முடியாது. சுமங்கலித் திட்டம் என்று சொல்லி, மூன்று ஆண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாக ஆசை காட்டி, ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை விடுதிக்குள் அடைத்துவைத்துக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கினார்கள். தாளில் அவர்களும் பழகுநர்கள்தான். அது எந்த வடிவிலும் திரும்பி வரக் கூடாது. எழுத்து ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் உதவித்தொகை, பயிற்சி முடிவில் தேர்வும் சான்றிதழும் கட்டாயம் வேண்டும். அனுமதியில்லாமல் பழகுநரை மிகைநேர வேலை வாங்கக் கூடாது. காயம் பட்டால் இழப்பீடு உண்டு. ஆபத்தான தொழிலில் 18 வயதுக்குக் கீழ் சேர்க்கக் கூடாது. இவை எல்லாம் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பவைதாம். பட்டாசு விபத்துகளில் இத்தனை உயிர்களை இழந்த விருதுநகர் மாவட்டத்துக்குப் பாதுகாப்பின் அவசியத்தை இன்னொரு முறை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வ. புதுப்பட்டிப் பெண்பிள்ளைகளைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும். கிருஷ்ணன்கோவில் போய், அங்கிருந்து ராஜபாளையத்துக்கோ விருதுநகருக்கோ பஸ் பிடித்துப் போய்ப் படிப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. பயிற்சி முடித்து இருட்டிய பிறகு திரும்ப வேண்டுமென்றால் பெற்றோர் படிப்பையே நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஆலை வேன்கள் ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர்களை ஏற்றி வருகின்றன. அதே வேனில் பழகுநர் மாணவிகளுக்கும் இடம் ஒதுக்கினால், பகல் ஷிப்டில் மட்டும் பயிற்சி கொடுத்தால் போதும், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இதற்கு அரசாணை தேவையில்லை, ஆலை மேலாளர் மனது வைத்தாலே நடக்கும்.

வரும் ஐடிஐ சேர்க்கைக்கு முன்பே மாவட்ட நிர்வாகம் ஆலை உரிமையாளர்களையும் உற்பத்தியாளர் சங்கங்களையும் தொழிற்பயிற்சி நிலைய முதல்வர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும். எந்த நிறுவனம் எத்தனை பேரை, எந்தப் பிரிவில், எந்த மாதத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பதை எழுதி வாங்கி, வ. புதுப்பட்டி உட்பட ஒவ்வொரு பேரூராட்சி அலுவலகத்திலும் அந்தப் பட்டியலை ஒட்ட வேண்டும்.