ஹிப்னாஸிஸ் பிரசவமும் ஒரு 'டாக்டரும்'

மக்களே, ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, பதிவு எழுதி மாசக்கணக்காச்சு. ஆனா போன ஞாயித்துக்கிழமை திருவண்ணாமலையில நடந்ததை எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது போலருக்கு.

தங்கமணிக்கு இது ஏழாவது மாசம். பல்லியைத் தவிர எதுக்கும் பயப்படாத ஆளு. பிரசவம்னா மட்டும் கை நடுங்குது. காரணம் அவங்க அக்கா. தலைப்பிரசவத்துல இருபது மணி நேரம் வலி, லேபர் ரூமுக்குள்ள கூட ஒரு ஆள் கிடையாது, கத்தினா அதட்டல், கடைசியில ஆபரேஷன். அந்தக் கதையைக் கேட்டதுலேர்ந்து இவங்க ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்துக்கறாங்க. நானும் எழுந்து உக்காந்து தண்ணி கொண்டு வந்து குடுக்கறேன். வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு?

இந்த நேரத்துலதான் எங்க ஊருக்குப் போனோம். ரமணாசிரமத்துப் பக்கம் நடந்து போனீங்கன்னா தெரியும், சுவத்துக்குச் சுவர் ரெய்கி, பூர்வஜென்மம், அது இதுன்னு நோட்டீஸ். அதுல ஒண்ணு: 'ஹிப்னாஸிஸ் மூலம் வலியில்லா சுகப்பிரசவம்'. பேருக்கு முன்னாடி டாக்டர். தங்கமணி என்னைப் பாத்தாங்க. சரி, கேட்டுத்தான் பாப்போமேன்னு போனோம்.

பன்னெண்டு சிட்டிங், நாப்பதாயிரம் ரூபாய். அது போகட்டும். "இனிமே ஸ்கேன் வேணாம் சார், குழந்தை பயந்துக்கும்"னார். அதையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டேன். அப்புறம் ஒண்ணு சொன்னார் பாருங்க. "நான் சொல்றதை முழுசா நம்பினா வலியே இருக்காது. வலிச்சா, அம்மா மனசளவுல இன்னும் சரணடையலைன்னு அர்த்தம்."

ஆட்டோல வரும்போது தங்கமணி பேசவே இல்ல. பெரிய கோபுரம் தாண்டினப்புறம் மெதுவா, "ஏங்க, அப்ப அக்கா மேலதான் தப்பா?"ன்னு கேட்டாங்க.

என் கோவம் இதுக்குத்தான். நாப்பதாயிரம் போனா போகுது. பயந்துபோய் வந்த பொண்ணுகிட்ட, வலிச்சா அது உன் தப்புன்னு சொல்லி அனுப்பறதுக்குப் பேர் வைத்தியமா?

பகுத்தறிவுச் சிங்கங்கள் உடனே "ஹிப்னாஸிஸே டுபாக்கூர்"னு பின்னூட்டம் போட ஓடி வராதீங்க. கொஞ்சம் இருங்க. அது டுபாக்கூர் இல்ல. வாயில வைக்கற பேனாவை ஆட்டித் தூங்க வைக்கற சினிமா சமாச்சாரமும் இல்ல. பொண்ணு முழிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க. மூச்சை நிதானப்படுத்தி, உடம்பைத் தளர்த்தி, கவனத்தை ஒரு இடத்துல நிறுத்தப் பழகறது. பயந்தா உடம்பு இறுகும், இறுகினா வலி கூடும்னு கிராண்ட்லி டிக்-ரீட்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர் 1930கள்லயே எழுதினார். அந்த நூலைப் பிடிச்சுத்தான் மேரி மோங்கன்ங்கற அமெரிக்க அம்மா 1989ல 'ஹிப்னோபர்த்திங்'னு பேர் வச்சு வகுப்பு ஆரம்பிச்சாங்க.

சரி, வேலை செய்யுதா? 2016ல வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பைப் படிச்சேன். 9 ஆய்வுகள், 2954 பெண்கள். வலி மருந்து எடுத்துக்கறது மொத்தத்துல கொஞ்சம் குறையலாம். ஆனா முதுகுல போடற எபிடூரல் ஊசி குறையல. சுகப்பிரசவம் ஆகறதுலயும் தெளிவான வித்தியாசம் இல்ல. இங்கிலாந்துல 680 பெண்களை வச்சு ஒரு ஆய்வு, 2015ல வெளியாச்சு. எபிடூரல் போட்டுக்கிட்டது, பழகினவங்கள்ல 27.9 சதவீதம், பழகாதவங்கள்ல 30.3. கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா பிரசவம் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு கேட்டப்போ, பழகினவங்க முன்னாடி நினைச்சதைவிட பயமும் பதட்டமும் கம்மியா இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. ஆக, பயத்துக்கு ஏதோ செய்யுது. வலியே இல்லாம பண்ணும்னு சொல்றவர் பொய் சொல்றார்.

இன்னொரு விஷயம். அந்த இங்கிலாந்து ஆய்வுல எத்தனை சிட்டிங் தெரியுமா? ரெண்டு. தலா ஒன்றரை மணி நேரம், கும்பலா உக்கார வச்சு. மிச்சமெல்லாம் வீட்டுல சிடி போட்டுக் கேட்டுப் பழகினது. நம்மாளு பன்னெண்டு கேக்கறார்! கணக்குல நான் வீக்குதான், அதுக்காக இவ்வளவுமா?

'டாக்டர்' பட்டத்துக்கும் கதை இருக்கு. மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பர்ல ஒரு ஆணை போட்டுச்சு. ஹிப்னோதெரபி தனி மருத்துவ முறை கிடையாது. ஆனா ஒரு சிகிச்சை வழியா, பதிவு பெற்ற மருத்துவரோ சரியான பயிற்சி எடுத்தவரோ செய்யலாம். அங்கீகாரம் உள்ள மருத்துவ முறைக்காரங்க மட்டும்தான் டாக்டர்னு போட்டுக்கணும். (பி.எச்.டி. முடிச்ச பதிவர்கள் கோவிச்சுக்காதீங்க, இது வைத்தியம் பாக்கறவங்களுக்கு.) நம்மாளு சுவத்துல ஏழெட்டு சான்றிதழ் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார். மருத்துவக் கவுன்சில் பதிவு எண் ஒண்ணு கூட இல்ல. மனநல மருத்துவர்னா கவுன்சில் பதிவு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்.சி.ஐ. பதிவு, கேட்டா காட்டணும். காட்ட யோசிச்சா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுங்க.

ஏன் இவ்வளவு குதிக்கறேன்னா, 'ஸ்கேன் வேணாம்' எங்க போய் முடியும்னு நாம ஏற்கெனவே பாத்தாச்சு. 2018 ஜூலைல திருப்பூர்ல, யூடியூப் பாத்து வீட்டுலயே பிரசவம் பாக்கப் போய், ஒரு ஆசிரியை ரத்தப்போக்குல இறந்துபோனாங்க. அதுக்கு அடுத்த மாசமே கோவையில, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி முகாம்னு விளம்பரம் செஞ்ச ஹீலர் பாஸ்கரைப் போலீஸ் கைது செஞ்சுது. ரத்தம் கொட்ட ஆரம்பிச்சா எந்த ஹிப்னாஸிஸும் அதை நிறுத்தாது.

அதுக்காக ஆஸ்பத்திரிங்க எல்லாம் உத்தமம்னு சொல்லலை. இந்த மாதிரி ஆளுங்களுக்குக் கூட்டம் சேத்து விடறதே அவங்கதான். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல சிசேரியன் 44.9 சதவீதம். தனியார்ல மட்டும் எடுத்தா 63.8. மூணுல ரெண்டு! ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும்போதே வயித்தைக் கிழிச்சுடுவாங்கன்னு பயந்தா, அந்தப் பொண்ணு மேல என்ன தப்பு?

இத்தனைக்கும் நல்லா வேலை செய்யற ஒண்ணு இருக்கு, அதை யாரும் நோட்டீஸ் அடிச்சு ஒட்டறதில்ல. கூடவே ஒரு ஆள். 2017 காக்ரேன் தொகுப்புல 26 ஆய்வுகள், 15,858 பெண்கள். பிரசவம் முழுக்க ஒருத்தர் கூட இருந்தா சுகப்பிரசவம் கூடுது, சிசேரியன் குறையுது, வலி நேரமும் கொஞ்சம் குறையுது. நம்ம தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள்ல 2004லேயே பிரசவத்துக்குத் துணைக்கு ஒரு பெண்ணை உள்ள விடற திட்டம் வந்தாச்சு. அக்காவுக்குப் பாத்த தனியார் ஆஸ்பத்திரியில அது கூட இல்ல.

அத்தை, அதாவது தங்கமணியோட அம்மா, ஏற்கெனவே திருக்கருகாவூர் அம்மன் கோயில் விளக்கெண்ணெய் வாங்கி வச்சிருக்காங்க. வயித்துல தடவறதுக்கு. நான் ஒண்ணும் சொல்லல. அந்த அம்மன் ஸ்கேன் எடுக்காதேன்னு சொன்னதில்ல, வலிச்சா உன் தப்புன்னும் சொன்னதில்ல.

நேத்து ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட ஃபோன்ல பேசினோம். அவங்க கேட்ட முதல் கேள்வி, "உங்க மகப்பேறு டாக்டர் யாரு, அவங்களுக்கு நீங்க என்கிட்ட வர்றது தெரியுமா?" ரெண்டாவது, பிபி எவ்வளவு. மூணாவது, இதுக்கு முன்னாடி மனநலத்துக்கு ஏதாவது சிகிச்சை உண்டான்னு. வலி போயிடுமான்னு தங்கமணி கேட்டதுக்கு, "போகாதும்மா, சமாளிக்கப் பழகலாம். ஆபரேஷன் ஆனாலும் இந்தப் பழக்கம் உதவும்"னாங்க. நாலு தடவை வந்தா போதுமாம். தங்கமணி ஃபோனை வச்சதும் அக்காவுக்குப் போட்டு ஒரு மணி நேரம் பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு நான் கேக்கல. ராத்திரி தூங்கினாங்க.

அத்தையை லேபர் ரூமுக்குள்ள விடுவீங்களான்னு இதுவரைக்கும் ரெண்டு ஆஸ்பத்திரியில கேட்டாச்சு. ரெண்டு இடத்துலயும் "அதெல்லாம் பழக்கம் இல்ல சார்". வர்ற சனிக்கிழமை மூணாவது இடத்துக்குப் போறோம். உங்க வீட்டுல யாருக்காவது உள்ள ஆள் விட்டிருந்தா, எந்த ஊருன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.