அடுத்த நூல் எது?

"குறுந்தொகையைப் படித்து முடித்துவிட்டேன் ஐயா. அடுத்து எதைப் படிக்கலாம்?" இயற்பியல் பயிலும் மாணவி ஒருவர் நம்மிடம் கேட்டார். தேர்வுக்காக அன்று, பிடித்துப்போய்க் கேட்டார். நாமோ திருக்குறள், சிலம்பு, கம்பன் என்று பாடத்திட்டத்தை ஒப்பித்தோம். "அவையெல்லாம் பெரிய நூல்கள் என்று தெரியும் ஐயா. இதற்கு அடுத்தது எது?" என்றார். பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நமக்கு உடனே விடை வரவில்லை.

இந்த வெட்கம் நமக்கு மட்டும் உரியதன்று. செவ்விலக்கியத்தில் மனம் தோய்ந்த வாசகருக்கு நம் சூழல் மூன்று விடைகளையே வைத்திருக்கிறது. முதலாவது, 'கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நூல்கள்' என்னும் பட்டியல். அது நூல்களின் புகழைச் சொல்லும்; ஒரு நூலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியைச் சொல்லாது. இரண்டாவது, இணையக் கடையின் பரிந்துரை. பொன்னியின் செல்வனை வாங்கியவர் முன் மேலும் ஐந்து சரித்திர நாவல்களை அது அடுக்கும். அவரை ஈர்த்தது சோழர் வரலாறா, கல்விக்கட்டுகளா, கல்கியின் நகைச்சுவையா என்று அது கேட்பதில்லை. மூன்றாவது, "மூலம் கடினம், எளிய உரைநடைச் சுருக்கம் போதும்" என்னும் புலவர் பெருமக்களின் இரக்கம். மூன்றிலும் கொடியது இதுவே. மூலத்தைச் சுவைத்து வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் நடந்ததை நினைவுகூர்வோம். கல்லூரித் தமிழாசிரியராகிய உ.வே. சாமிநாதையர், தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் புராணங்களையும் அடுக்கினார். சேலம் இராமசாமி முதலியார் அவற்றில் நிறைவடையாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். கேட்டவர் புலவரல்லர், முன்சீப். அக்கேள்வியால் சிந்தாமணியைக் கையில் எடுத்த ஐயர், நச்சினார்க்கினியர் உரையில் நூற்பெயர் இன்றி மேற்கோளாக நின்ற வரிகளைக் கண்டார். அவை எந்நூலைச் சேர்ந்தவை என்று ஏடுகளில் தேடிச் சங்க நூல்களுக்குள் நுழைந்தார். 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1894இல் புறநானூறு என அவர் பதிப்புகள் வெளிவந்தன. அவர் கையில் பட்டியல் இல்லை. படித்துக்கொண்டிருந்த நூலே அடுத்த நூலைக் காட்டியது.

நம் மாணவிக்கும் அவ்வழி திறந்தே இருந்தது. குறுந்தொகையில் அவர் மனம் யாரிடம் நின்றது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டோம். "கபிலர்" என்றார். அப்படியானால் வழி தெளிவு. ஐங்குறுநூற்றின் மூன்றாம் நூறு, குறிஞ்சித் திணை, கபிலர் பாடியது. அடுத்து, 261 அடிகள் கொண்ட குறிஞ்சிப்பாட்டு. தலைவியும் தோழியும் பாறையில் குவிக்கும் மலர்களின் நெடும் வரிசை அதில்தான் இருக்கிறது. பின்னர்ப் புறநானூற்றில் பாரியைப் பற்றிய பாடல்கள். அகத்தில் குறிஞ்சியைப் பாடியவர் புறத்தில் நண்பனை இழந்து பறம்பு மலையைத் திரும்பிப் பார்க்கும்போது, மலை வேறாகிவிடுகிறது. இந்த அனுபவத்தை எந்தப் பட்டியல் தரும்?

"எல்லாருக்கும் வழிகாட்ட ஆள் கிடைப்பாரா? தொடங்குபவருக்குப் பட்டியல் உதவாதா?" என்று கேட்பர். உதவும்; முதல் நூலுக்கு உதவும். இரண்டாம் நூலை முதல் நூலிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு முன்னுரையும் உரையும் பாடினோர் வரலாறும் உள்ள பதிப்புகள் வேண்டும். பக்கம் குறைப்பதற்காக அவற்றை வெட்டியெறியும் மலிவுப் பதிப்புகள், வாசகரின் அடுத்த நூலையும் சேர்த்தே வெட்டுகின்றன. பதிப்பாளர்கள் இதை உணர வேண்டும். நம்மைப் போன்ற ஆசிரியர்களும், விடை சொல்வதற்கு முன் எதிர்க்கேள்வி ஒன்று கேட்கப் பழக வேண்டும்.

மாணவி இப்போது ஐங்குறுநூற்றில் இருக்கிறார். அவர் மீண்டும் வருவதற்குள், பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய ஏழாம் பத்தை நாம் ஒருமுறை திரும்பப் படித்தாக வேண்டும்.