மெஷினுக்கு மூக்கு ஒழுகுது!

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு 14 வயசு. 2011-ல் திண்டிவனத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிச் சேர்த்த காசில், 8,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. செமி ஆட்டோமேடிக். அதாவது, பாதி வேலையை அது செய்யும். மீதியை நாம் செய்ய வேண்டும். (எங்கள் வீட்டில் என்னைப் பற்றியும் இப்படித்தான் சொல்கிறார்கள்.)

பி.காம். படித்தவன் கையில் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதலில் தேய்மானம் போட்டுப் பார்ப்பான். வருஷத்துக்கு 15 சதவீதம் வீதம், மிச்சமிருக்கும் மதிப்பின் மேல் கழித்துக்கொண்டே வந்தால், 14 வருஷம் கழித்து மெஷினின் மதிப்பு 822 ரூபாய். இந்த முறையில் ஒரு சௌகரியம், மதிப்பு எந்தக் காலத்திலும் பூஜ்யத்துக்கு வராது. பழைய இரும்புக்காரர் நானூறு தருகிறேன் என்றபோது, "புக் வேல்யூவே எண்ணூத்திச் சொச்சம்ங்க" என்றேன். மனுஷர் தராசை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஆனால், மரக்காணத்தில் தேய்மானம் 15 சதவீதத்தோடு நிற்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் காரை ஓரங்கட்டி, உப்புக் குவியல்களுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அழகாகத்தான் இருக்கும். அந்தக் காற்று எங்கள் ஜன்னல் கம்பியையும், சைக்கிள் செயினையும், பீரோ காலையும் தின்று கொண்டிருப்பது போட்டோவில் விழாது. 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல், இரண்டையும் பார்த்த மெஷின் இது. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை மனைவி சொன்னாள்:

"ஏங்க, மெஷினுக்கு மூக்கு ஒழுகுது!"

புதுசு வாங்கிவிடலாமே என்பீர்கள். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் வீட்டு பட்ஜெட் உங்களுக்குத் தெரியாததா! அதற்காகத் துணியைக் கையால் துவைக்கவும் வழியில்லை. துவைக்கிறது அம்மா. இருபது வருஷம் உப்பளத்தில் கூடை சுமந்தவர். உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்து, ஆறி, மறுபடி வெடித்த கை. விரல்கள் இப்போது முழுசாக மடங்காது. ஒரு துண்டைக்கூடப் பிழிய முடியாது. 'அதை மட்டும் தூக்கிப் போட்டுடாதடா' என்று மெஷினைப் பற்றி அடிக்கடி சொல்வார்.

ஆகவே, ரிப்பேரில் இறங்கினேன். தண்ணீர் நின்றது இடது மூலையில், வெளியே போகும் ஹோஸுக்குக் கீழே. குற்றவாளி ஹோஸ்தான் என்று தீர்ப்பெழுதிவிட்டேன். பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். ஒழுகியது. ஹோஸையே மாற்றினேன். ஒழுகியது. பின்பக்க மூடியைக் கழற்ற முயன்றதில் துருப்பிடித்த ஸ்க்ரூவின் தலை மட்டும் கையோடு வந்தது. கிடைத்த இடுக்கிலெல்லாம் எம்-சீல் வைத்து அடைத்தேன். அப்புறமும் ஒழுகியது. எம்-சீல் மேல் தப்பில்லை. நான் அடைத்த இடத்தில் ஓட்டையே இல்லை!

சாயங்காலம் பெரியப்பா வந்தார். நாற்பது வருஷம் பாத்தியில் நின்றவர். காபியை ஆற்றிக்கொண்டே என் அவஸ்தையைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"ஏன்டா, ஈரத்தை எதுக்குத் தேடற? வரப்பு எங்கியோ கசியும், தண்ணி வேற எங்கியோ போய் நிக்கும். ஒரு நாள் காய விடு. வெள்ளைக் கோடு போட்டுக் காட்டும்."

எங்கள் வீட்டு போர் தண்ணி லேசான உவர்ப்பு. கசிந்த வழியெல்லாம், காய்ந்ததும் உப்பு பூத்துவிடும். மறுநாள் ஸ்க்ரூக்களை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, ஒருவழியாக மூடியைத் திறந்து டார்ச் அடித்தால்... சாக்பீஸால் கிழித்த மாதிரி ஒரு கோடு! இடது மூலையில் ஆரம்பித்து, அடித்தட்டு வழியாக வலதுபக்கம் போய், மேலே ஏறி, துணி பிழியும் தொட்டிக்கு அடியில் முடிந்தது. (உங்கள் ஊரில் நல்ல தண்ணி என்றால் கோடு இவ்வளவு சீக்கிரம் தெரியாது. தொட்டித் தண்ணீரில் நாலு சொட்டு நீலம் விட்டுப் பாருங்கள். ஓடும் பாதை தெரியும்.)

பிழியும் தொட்டியின் தண்டு கீழே இருக்கும் மோட்டாருக்குப் போகிறது அல்லவா, அந்த ஓட்டையைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் இருக்கும். கடையில் ஸ்பின் சீல் என்று கேட்டால் தருவார்கள். அதுதான் விறைத்துப் போய்க் கிழிந்திருந்தது. அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிடும்போதும், பிழியும்போதும் தண்டு வழியாக வழிந்து, நேரே மோட்டார் மேல் சொட்டியிருக்கிறது. மோட்டார் தலையிலும் வெள்ளையாக உப்பு.

பெரியப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். வயரைத் தூக்கிப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார்.

"ரெண்டு குச்சிதான் இருக்கு?"

இருந்தது மூன்று. பின்கட்டில் இருக்கும் பழைய பிளக் பாயிண்டில் இரண்டு ஓட்டைதான். மூணு வருஷம் முன்னால், நான்தான் பச்சை வயரை வெட்டிவிட்டு இரண்டு குச்சி பிளக்கை மாட்டினேன். எர்த் வயர். வெட்டின பிறகும் மெஷின் ஓடியது. அதனால் அது வேண்டாத வயர் என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன்.

திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, தலையைத் தூக்காமலே சொன்னார்:

"அதான் அப்பப்ப சுருக்குனு இருக்குமா? எறும்புனு நெனச்சேன். அப்புறம் பலகையைப் போட்டு, அது மேல நின்னுதான் துணி போடறது."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பலகையைத் தினமும் பார்த்திருக்கிறேன். கால் ஈரமாகாமல் இருக்கப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். உப்பு கலந்த தண்ணீரில் கரண்ட் இன்னும் சுலபமாகப் பாயும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தண்ணீர் கசிவதைக் கண்டுபிடிக்க ஊரைக் கூட்டினேன். இன்னொரு கசிவு எத்தனை நாளாக இருந்ததோ, ஒரு பலகைதான் அதற்குக் குறுக்கே இருந்திருக்கிறது.

அதற்கு மேல் நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. எலெக்ட்ரீஷியன் தம்பி வந்தது. ஸ்பின் சீலை மாற்றி, துருவைச் சுரண்டி, மோட்டாரைச் சோதித்து, மூணு குச்சி பிளக்கும் பாயிண்டும் போட்டது. போர்டில் ஒரு ஆர்.சி.சி.பி.யும் மாட்டியது. 30 மில்லி ஆம்பியர் கரண்ட் தப்பான வழியில் போனாலே பட்டென்று அணைத்துவிடுமாம். என்னிடம் அது சொன்ன புத்திமதி: "பிளக்கைப் பிடுங்கிட்டோம்னு உடனே உள்ள கை விடாதீங்கண்ணா, கண்டன்சர்ல கரண்ட் நிக்கும்." செலவு மெஷினின் புக் வேல்யூவைத் தாண்டிவிட்டது. கணக்கில் எழுதவில்லை.

கடைசியாக எர்த் குழியைத் தோண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது:

"வறண்டு போய்க் கெடக்குதுண்ணா. புதுசாப் போட்டுடலாம். கரியும் உப்பும் வேணும். உப்புதான் மண்ணுல ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், கரண்ட் சுலபமா எறங்கும்."

அரை மணி நேரத்தில் பெரியப்பா சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை உப்போடு வந்தார். கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று குழியில் கொட்டக் கொட்ட, அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ உப்பையும் மண்ணுல கொட்டறீங்களேடா!"

இப்போது மெஷின் ஒழுகுவதில்லை. எறும்பும் கடிப்பதில்லை. பலகையை எடுத்துவிடலாம் என்று போனால் அம்மா விடவில்லை.

"கெடக்கட்டும்டா, பழகிடுச்சு."