படகுச் சீட்டில் எழுதாத கணக்கு

கம்பத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால் குமுளி வரும். அங்கே மாநில எல்லையைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் கேரளத்தின் தேக்கடி. பள்ளிச் சுற்றுலாவில் உங்களுள் பலர் அங்கே படகில் போயிருப்பீர்கள். போய் வந்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "காட்டுக்குள் நுழைய ஒரு கட்டணம், படகுக்கு இன்னொரு கட்டணம், வண்டியை நிறுத்த வேறொரு கட்டணம். இத்தனை கொடுத்தும் ஒரு யானையைக்கூடக் காணோம்!"

இந்தக் குறை சரிதானா? சற்று ஆராய்வோம்.

நீங்கள் படகில் செல்லும் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது தேங்கிய நீர் அது. அன்று மூழ்கிய காட்டின் பட்டுப்போன அடிமரங்கள் இன்றும் நீருக்கு மேலே தலைநீட்டி நிற்கின்றன. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அவற்றின்மேல் அமர்ந்து சிறகை உலர்த்துகின்றன. ஏரியைச் சுற்றியுள்ள காடு 1978-இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. 1982-இல் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று காப்பகத்தின் மொத்தப் பரப்பு 925 சதுர கிலோமீட்டர்.

இவ்வளவு பெரிய காட்டில் காவலர்கள் நாள்தோறும் சுற்றி வரவேண்டும், கோடையில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டவேண்டும், வேட்டையாடுபவர்களைத் தடுக்கவேண்டும். நுழைவுக் கட்டணம் இந்த வேலைகளுக்கு நாம் தரும் சிறு பங்கு. அது யானையைக் காட்டுவதற்கான கூலி அன்று. யானை அங்கே நிம்மதியாக வாழ்வதற்கான செலவு. யானை உங்கள் கண்ணில் படாமல் போனாலும் அந்தப் பணம் வீணாகவில்லை.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அந்த ஏரியின் நீர்தான் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து தேனி, மதுரை மாவட்டங்களின் வயல்களில் பாய்கிறது. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே விடுவது காட்டு மண். ஏரியில் வண்டல் சேராமல் காப்பது மரங்களின் வேர். காடு நலமாக இருந்தால்தான் நம் வாய்க்காலில் தண்ணீர் வரும்.

சரி, படகுக் கட்டணம்? இது வேறு வகை. இங்கே இயற்பியலைத் துணைக்கு அழைக்கலாம்.

படகு ஒருமுறை சென்று வர ஆகும் செலவு, ஏறுவோரின் எண்ணிக்கையைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. எரிபொருள், ஓட்டுநர் சம்பளம், பழுதுபார்ப்பு எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. கணக்குக்காக அதை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் ஏறினால் தலைக்கு 100 ரூபாய். 75 பேரை ஏற்றினால் 80 ரூபாய். 'கட்டணத்தைக் குறையுங்கள்' என்று நாம் கேட்கும்போது, 'இன்னும் பதினைந்து பேரை ஏற்றுங்கள்' என்று நம்மை அறியாமலே சொல்லிவிடக் கூடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மற்றொரு கணக்கைப் பாருங்கள். பயணிகளோடு சேர்த்துப் படகின் எடை 20,000 கிலோகிராம் என்று கொள்வோம். கரையில் காட்டெருமைக் கூட்டம் தெரிகிறது. சராசரி 60 கிலோகிராம் எடையுள்ள 30 பேர் எழுந்து 2 மீட்டர் நகர்ந்து ஒரே பக்கம் வந்துவிடுகிறார்கள். 30 × 60 × 2 = 3,600. இதை 20,000-ஆல் வகுத்தால் 0.18. அதாவது, படகின் புவியீர்ப்பு மையம் 18 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது. அகன்று தாழ்ந்த படகு இதைத் தாங்கி மறுபடி நிமிர்ந்துவிடும். மேல்தளத்திலும் ஆட்கள் நிறைந்த படகில் புவியீர்ப்பு மையம் ஏற்கெனவே உயர்ந்திருக்கும். ஆதலால் அதே 18 சென்டிமீட்டர் அதை மிக அதிகமாகச் சாய்த்துவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டபோது படகு சாய்ந்ததாக அன்றைய செய்திகள் கூறின. இன்று அங்கே படகில் ஏறும் ஒவ்வொருவரும் உயிர்காப்பு மேலங்கி அணியவேண்டும். அந்த மேலங்கியும், காலியாக விடப்படும் இருக்கையும், படகின் சோதனையும் படகுக் கட்டணத்துக்குள் அடங்கியவை. மலிவான படகைவிட நிமிர்ந்து நிற்கும் படகே நமக்கு வேண்டும்.

அப்படியானால் கேட்ட கட்டணத்தை வாய்திறவாமல் கொடுத்துவிட வேண்டுமா? இல்லை. பணம் கொடுத்தவருக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. 2006-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், புலிகள் காப்பகங்களுக்கு அறக்கட்டளைகள் அமைக்க வழிசெய்தது. பெரியாற்றிலும் அத்தகைய அறக்கட்டளை உண்டு. முன்பு காட்டில் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்துப் பிழைத்தவர்கள் அங்கே வழிகாட்டிகளாக மாறியிருக்கிறார்கள். காட்டையே நம்பி வாழ்ந்த மன்னான், பளியர் மக்களும் சுற்றுலாப் பணிகளில் வேலை பெறுகிறார்கள். இது நல்ல செய்தி. ஆனால் சீட்டு வாங்குபவருக்கு இவையெல்லாம் தெரிவதில்லை. நுழைவுக் கட்டணம் எவ்வளவு, படகுக்கு எவ்வளவு, ஊர் மக்களின் நலனுக்கு எவ்வளவு என்பதைச் சீட்டு கொடுக்கும் இடத்திலேயே, தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கூட்டத்தைக் குறைக்கக் கட்டணத்தை உயர்த்தினால் போதும் என்பார் சிலர். இதை நான் ஏற்கவில்லை. பணத்தால் கூட்டத்தைக் குறைத்தால் ஏழை மாணவன்தான் முதலில் வெளியே நிற்பான். பணக்காரர் எத்தனை முறையும் வருவார். ஒரு நாளைக்கு இத்தனை பேர், ஒரு படகில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையால் கட்டுப்படுத்துவதே நேர்மை. அரசுப் பள்ளி மாணவருக்குச் சலுகை கொடுத்து, அதனால் ஏற்படும் குறையை மற்றவர் கட்டணத்தில் ஈடு செய்யலாம்.

அடுத்த முறை தேசியப் பூங்கா ஒன்றில் படகேறும்போது சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று படித்துப் பாருங்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறியவர்களை எண்ணுங்கள். எண்ணிக்கை மிகுந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கரையில் யானை தெரிந்தாலும் இருக்கையை விட்டு எழாதீர்கள்.