எதுங்க வேஸ்ட்?

கொள்ளிடத்துல வெள்ளம் வந்தா போதும், சென்னையில இருந்து போன் வந்துரும். "என்னங்க, இவ்வளவு தண்ணியும் வேஸ்டா கடலுக்குப் போகுதாமே?" டிவியிலயும் அதே பாட்டுதான்.

முக்கொம்புல காவிரி ரெண்டாப் பிரியுது. கொள்ளிடத்துக்குக் குறுக்கே 1830களில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். நம்ம 'அணைக்கட்டை' வாங்கி 'அனிகட்'னு இங்கிலீஷ்ல சேத்துக்கிட்டான் வெள்ளைக்காரன். பதிலுக்கு நமக்குக் குடுத்துட்டுப் போன சொல்லு 'வேஸ்ட்'.

அந்தச் சொல்லோட பழைய பொருள் வெறுமை, பாழ். உழவு நடக்காத, வரி வராத நிலத்தை எல்லாம் 'வேஸ்ட்'னு எழுதி வச்சாங்க. ஊர் ஆடுமாடு மேயுற தரிசும் அதுல அடக்கம். அந்த நிலம் சும்மா கிடக்கல, கஜானாவுக்கு எதுவும் வரல, அவ்வளவுதான். ஆக, வேஸ்ட்னா 'எனக்கு உதவல'ன்னு அர்த்தம்.

வாழை வெட்டின பிறகு தோட்டத்தைப் பாக்குற டவுன்காரர் 'எல்லாம் வேஸ்ட்'ம்பார். நாங்க தண்டைச் சமைப்போம், நாரைப் பூக்கட்டக் குடுப்போம், மிச்சம் மண்ணுக்கு உரம்.

ஆறும் அப்படித்தான். பேரே கொள்ளிடம், வெள்ளத்தைக் கொள்ளும் இடம். அங்க ஓடுற தண்ணி மணல்ல இறங்கி எங்க கிணத்துல ஊறுது. திருச்சிக்காரங்க குடிக்கிறது இந்தப் படுகைத் தண்ணிதான். கடலோரத்துல உப்பு உள்ள ஏறாமத் தடுக்குது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கும் நன்னீர் வேணும். 2007ல காவிரி நடுவர் மன்றம் 740 டி.எம்.சி.யைப் பங்கு போட்டப்ப, சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி.யும், தவிர்க்க முடியாம கடலுக்குப் போறதுக்கு 4 டி.எம்.சி.யும் ஒதுக்கிச்சு. அவங்களுக்குத் தெரிஞ்சது டிவிக்காரங்களுக்குத் தெரியல.

தேக்கவே வேணாம்னு சொல்ல வரல. கதவணை கட்டுங்க, ஏரி குளத்தைத் தூர் வாருங்க. கடைமடை காயும்போது தண்ணி கடலுக்குப் போனா எங்களுக்கும் வயிறு எரியும்.

ஆனா தண்ணியைப் பிடிச்சு வச்சிருந்த மணலை லாரி லாரியா அள்ளி வீடு கட்டிட்டு, அதே வீட்டு சோபாவுல உக்காந்து 'தண்ணி வேஸ்டாப் போகுதே'ன்னு பொலம்புறதுல என்ன நியாயம்? ஆத்து மணலைவிடப் பெரிய அணையை எந்த இன்ஜினியரும் கட்டினதில்ல.

அடுத்த வெள்ளத்துக்குத் தாராளமா போன் பண்ணுங்க. எவ்வளவு தண்ணி போச்சுன்னு கேக்காதீங்க. எவ்வளவு மணல் போச்சுன்னு கேளுங்க.